ஜிம்னிக்கு ஆல் டெரெய்ன் டயர்: எந்த அளவு பொருந்தும்?

வணக்கம் நண்பரே. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைத் தோட்டத்துக்கு வாரம் ஒருமுறை மாருதி ஜிம்னியில் சென்றுவருவதாகவும், தேய்ந்த டயர்களுக்குப் பதிலாக 235/75 ஆர்15 அளவில் ஆல் டெரெய்ன் (தார்ச்சாலை, கரடுமுரடான பாதை இரண்டுக்குமான) டயர் போடுமாறு கடைக்காரர் வற்புறுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த அளவு தங்களுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

வண்டியோடு வந்த 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ.; கடைக்காரர் சொல்வது ஏறக்குறைய 733 மி.மீ., அதாவது சுமார் 6 விழுக்காடு பெரிது. ஸ்பீடோமீட்டர் முன்பைவிடக் குறைத்துக் காட்டும் என்பதோடு, ஆழியாறு தாண்டியதும் தொடங்கும் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் இழுக்கத் திணறும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் உள்ளே உரசவும் கூடும். 215/75 ஆர்15 என்றால் விட்டம் 10 மி.மீ. அளவுக்கே கூடும்; அதையே போடுங்கள்.

தங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச்சாலை என்பதால், சேற்றுப் பாதைக்கான மட் டெரெய்ன் பக்கம் போகாமல், பட்டன்கள் (தரையில் படும் ரப்பர் கட்டிகள்) நெருக்கமாகவும் அவற்றில் மெல்லிய கீறல்கள் நிறையவும் உள்ள ஆல் டெரெய்னைத் தேர்ந்தெடுங்கள். மழையில் நனைந்த வளைவில் பிடிப்பைத் தருபவை அந்தக் கீறல்களே.

வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 1825 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத் தயாரிப்பு. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் ஒரே அளவில் மாற்றிவிடுங்கள். ஃபோர் வீல் டிரைவ் போட்டு ஓட்டும்போது டயர்களின் சுற்றளவு வேறுபட்டால் கியர் அமைப்பு பாதிக்கப்படும்.