ஏதென்ஸை ஒட்டிய கலித்தேயா: கேட்டவையும் பதில்களும்

கிரேக்கத்தின் நெரிசலான புறநகர்களில் ஒன்றான கலித்தேயாவைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, கலித்தேயா தனி ஊரா, ஏதென்ஸின் ஒரு பேட்டையா? (திருச்சி மாணவி)

நகராட்சி தனி. ஆனால் எல்லை எங்கே தொடங்குகிறது என்று தெருவில் நின்று சொல்ல முடியாது. ஏதென்ஸின் மையப்பகுதிக்கும் ஃபாலிரோ கடற்கரைக்கும் நடுவே 4.75 சதுர கிலோமீட்டரில் அடங்கிவிடும் ஊர். 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 1,00,641. வகுத்துப் பாருங்கள், சதுர கிலோமீட்டருக்கு 21,000 பேருக்கு மேல்!

இவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள்? (மதுரை)

ஒரே கட்டிடத்தின் கதையைச் சொன்னால் பாதி புரிந்துவிடும். 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் துப்பாக்கிச் சுடும் போட்டிகளுக்கான மைதானம் இங்கேதான் அமைந்தது. ராணி ஓல்கா முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்தார். அமெரிக்காவின் பெய்ன் சகோதரர்கள் ஆளுக்கொரு கைத்துப்பாக்கிப் போட்டியில் வென்றார்கள். அப்போது சுற்றிலும் பெரும்பாலும் வெட்டவெளி. அங்கே குண்டு பறந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

1922இல் கிரேக்கப் படை துருக்கியிடம் தோற்றது; மறு ஆண்டு லோசான் உடன்படிக்கைப்படி இரு நாடுகளும் மக்களைப் பரிமாறிக்கொண்டன. இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியான சின்ன ஆசியாவிலிருந்தும் அதன் கருங்கடல் ஓரத்துப் பொந்தோஸிலிருந்தும் பன்னிரண்டு லட்சம் பேர் அளவில் கிரேக்கத்துக்கு வந்தார்கள். கலித்தேயாவில் இறங்கியவர்களில் பலருக்கு அந்தச் சுடுதளக் கட்டிடமும் அதைச் சுற்றிப் போட்ட குடிசைகளும்தான் வீடு. ஜெர்மானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் அதே கட்டிடம் சிறையானது. போருக்குப் பிறகும் சிறையாகவே நீடித்தது. பொதுவுடைமைத் தலைவர் நிகோஸ் பெலொயானிஸை 1952 மார்ச் 30 அன்று விடியுமுன் இங்கிருந்துதான் சுட்டுக்கொல்லக் கொண்டுபோனார்கள். 1966இல் இடித்துவிட்டார்கள். அதை இடித்தது எனக்கு இன்றும் உடன்பாடில்லாத முடிவு.

1990களில் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது அங்கிருந்து வந்த பொந்தோஸ் வம்சாவளியினரில் பலரும் இங்கே குடியேறினார்கள். முந்தி வந்த உறவினர் இருக்கும் இடத்துக்குத்தானே மனிதன் போவான்?

அகதிக் குடிசை அடுக்குமாடி ஆனது எப்படி? அரசு கட்டிக்கொடுத்ததா? (சென்னை, கட்டிடப் பொறியாளர்)

பெரும்பாலானவற்றை இல்லை. அங்கே ‘அந்திபரொகி’ என்றொரு ஏற்பாடு உண்டு. மனைக்காரரிடம் பழைய ஓட்டு வீடு இருக்கிறது, கையில் காசு இல்லை. ஒப்பந்தக்காரரிடம் ஆள் இருக்கிறது, மனை வாங்கப் பணம் இல்லை. மனையைக் கொடுத்துவிட்டு, எழும்பும் கட்டிடத்தில் இரண்டோ மூன்றோ வீடுகளை மனைக்காரர் வாங்கிக்கொள்வார். மிச்சத்தை ஒப்பந்தக்காரர் விற்றுக்கொள்வார். ஒரே கட்டிடத்தில் ஒவ்வொரு குடியிருப்பும் தனித்தனி உரிமையாக இருக்க 1929ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டிருந்தது. 1950களிலிருந்து மூன்று பத்தாண்டுகளுக்கு இந்த முறை கொடிகட்டிப் பறந்தது.

விளைவு தெருவில் தெரியும். தெருக்கள் அன்று ஓரடுக்கு வீடுகளுக்குப் போட்ட அகலம். கட்டிடங்கள் ஐந்து, ஆறு மாடி. எதிர்வீட்டுப் பால்கனியில் காயும் துணி கைக்கு எட்டிவிடுமோ என்று தோன்றும். வெயில் ஏறியதும் துணிப்பந்தல்களை இறக்கிவிடுகிறார்கள். தெருவே ஒரு கூடாரம்போல ஆகிவிடும். பூங்காவுக்கென்று இடம் விட யாருக்கும் லாபம் இருக்கவில்லை. வீடில்லாதவருக்கு வீடு தந்த முறை என்று இதைப் பாராட்டுவேன். ஆனால் மரத்துக்கும் காற்றுக்கும் இடம் ஒதுக்காத அன்றைய விதிகளை மன்னிக்க மனம் வரவில்லை.

அப்படியானால் மூச்சுவிட எங்கே போவார்கள்? (கோவை)

தெற்குக் கோடிக்கு. பழைய குதிரைப் பந்தயத் திடல் ஊருக்கு வெளியே மாறிய பிறகு, அந்த நிலத்தில் இத்தாலியக் கட்டிடக் கலைஞர் ரென்சோ பியானோவின் வடிவமைப்பில் ஸ்டாவ்ரோஸ் நியார்க்கோஸ் அறக்கட்டளைப் பண்பாட்டு மையம் எழுந்தது. 2017இல் அரசிடம் ஒப்படைத்தார்கள். தேசிய நூலகமும் தேசிய ஓபராவும் இப்போது அங்கேதான். நான் சொல்ல வருவது பூங்காவை. தரையை மெல்ல உயர்த்தி 32 மீட்டருக்குச் செயற்கைக் குன்றாக்கி, அதன் அடியில் கட்டிடங்களைச் செருகிவிட்டார் பியானோ. சரிவில் ஒலிவ மரங்களுக்கும் மணக்கும் செடிகளுக்கும் இடையே ஏறிப் போனால் உச்சியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏதென்ஸின் பழங்காலக் கோட்டைக் குன்றான அக்ரொபொலிஸ். கட்டிடங்கள் மறைத்த காட்சி மண்ணைக் குவித்ததால் திரும்பக் கிடைத்தது. பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது.

படிக்க வரலாமா? (ஈரோடு)

சிங்க்ரூ சாலையில் பாந்தியோன் பல்கலைக்கழகம், ஊருக்குள் ஹரொகொபியோ பல்கலைக்கழகம். முதலாவது சமூக, அரசியல் அறிவியல்களுக்குப் பேர்பெற்றது. இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் கிரேக்க மொழியில் என்பதை யோசித்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

பழங்காலச் சின்னம் எதுவுமே இல்லையா? (யாழ்ப்பாணம்)

1968இல் கலித்தேயாவில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு கல்லறை மாளிகையே வெளிப்பட்டது. கி.மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. நிகெராதோஸ் என்பவருக்கும் அவர் மகன் பொலிக்செனோஸுக்கும் எழுப்பியது. ஏதென்ஸ் குடியுரிமை இல்லாத வந்தேறி நிகெராதோஸ். சொந்த ஊர் கருங்கடல் கரையிலிருந்த இஸ்திரியா. பொந்தோஸ் அகதிகள் அதே கடலோரத்திலிருந்து வந்து இங்கே இறங்க இன்னும் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் இருந்தன! காசு சேர்த்து, உள்ளூர்ப் பணக்காரர் பொறாமைப்படும் அளவுக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார்: சுற்றிலும் போர்க்காட்சிச் சிற்பங்கள், மேலே தூண்கள், நடுவே ஆளுயரச் சிலைகள். கலித்தேயாவில் தேடாதீர்கள்; பக்கத்துத் துறைமுக நகரான பிரேயுஸின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தி நிறுத்தியிருக்கிறார்கள். கலித்தேயா நிலையத்தில் மின்ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பிரேயுஸ். அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.