கப்புச்சினோ ஆறிப்போச்சுன்னு திருப்பித் தர்றாங்க, என்ன பண்றது?

கேள்வி: கோயம்புத்தூர்ல ஒரு கஃபேல பாரிஸ்டாவா, அதாவது காபி போடுறவனா இருக்கேன். பெரியவங்க நிறைய பேர் கப்புச்சினோவ ஒரு வாய் குடிச்சிட்டு "ஆறிப்போச்சுப்பா"ன்னு திருப்பித் தர்றாங்க. பாலை இன்னும் சூடாக்கிக் குடுத்தேன், சந்தோஷமா குடிச்சாங்க. ஆனா எஸ்ஓபிய, அதாவது கடை எழுதி வச்ச செய்முறைய மீறிட்டேன்னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டார். இனிமே சொன்னதை மட்டும் செய்யவா?

பதில்: அப்படி மட்டும் பண்ணிடாதீங்க தம்பி. பொங்கப் பொங்கக் காய்ச்சின பால்ல காபி குடிச்சுப் பழகின நாக்குக்கு 60, 65 டிகிரி பாலெல்லாம் ஆறினதுதான். மேனேஜர் பக்கமும் நியாயம் இருக்கு, 70ஐத் தாண்டினா இனிப்பு குறைஞ்சு நுரை உடைஞ்சு காய்ச்சின பால் வாடை வந்துடும், அப்புறம் அந்த கம்ப்ளைன்ட்டும் அவர் தலைலதான் விழும். ஆனா எல்லார் முன்னாடியும் திட்டினது தப்பு. கவுன்ட்டர்ல நிக்கிறவங்க வாயை மூடிட்டா கஸ்டமர் ஏன் திரும்ப வரலைன்னு கடைக்குத் தெரியவே தெரியாது.

முதல்ல கப்பைக் கவனிங்க. கனமான பீங்கான் கப் ஜில்லுன்னு இருந்தா ஊத்தின சூட்டுல கொஞ்சத்தை அதுவே இழுத்துக்கும், வெந்நீர் ஊத்தி வச்சிருந்து கொட்டிட்டு அப்புறம் காபி ஊத்துங்க. ஆர்டர் எடுக்கும்போதே "நல்லா சூடா வேணுங்களா"ன்னு கேட்டுடுங்க. ஒருதடவை ஸ்டீம் பண்ணின, அதாவது நீராவி விட்டு சூடாக்கின பாலை மறுபடி ஸ்டீம் பண்ணாதீங்க.

கூடவே ஒரு நோட்டுல எந்த நேரம் எத்தனை கப் திரும்பி வந்துச்சு, கப்பை சூடாக்கினப்புறம் எத்தனைன்னு ரெண்டு வாரம் எழுதுங்க. கூட்டம் இல்லாத நேரமா பார்த்து மேனேஜர்கிட்ட காட்டி, கேக்கிறவங்களுக்கு மட்டும் 70க்குள்ள சூடாக்கித் தரலாமா சார், பில்லுல எக்ஸ்ட்ரா ஹாட்னு போட்டுடலாமான்னு கேளுங்க.

ஸ்டார்பக்ஸ்ல ஃப்ரப்புச்சினோங்கிற ஐஸ் போட்டு அடிச்ச காபி இப்படித்தான் வந்துச்சு. தெற்கு கலிஃபோர்னியால வெயிலுக்கு ஜில்லுன்னு ஏதாவது குடுங்கன்னு கஸ்டமருங்க கேட்டுட்டே இருக்க, அங்க வேலை பார்த்தவங்களே பிளெண்டர்ல அடிச்சுப் பார்த்தாங்க. அப்போ தலைவரா இருந்த ஹோவர்ட் ஷுல்ட்ஸுக்கு மொதல்ல அதுல இஷ்டமே இல்ல, கடைல வித்துக் காட்டினாங்க, 1995ல மத்த கடைங்களுக்கும் போயிடுச்சு.

ஒரு விஷயத்துல மட்டும் உங்க இஷ்டத்துக்கு கையை வைக்காதீங்க. பால் தீர்ந்துடுச்சுன்னு கேக்காம பாதாம் பால், சோயா பால் ஊத்துறது, நட்ஸ் சிரப் மாத்துறது எல்லாம் அலர்ஜி இருக்கிறவங்க உயிருக்கே ஆபத்து. சர்க்கரை கம்மி, டபுள் ஷாட் (ரெண்டு மடங்கு காபி), சூடு இதெல்லாம் அவங்களா கேட்டா குடுக்கலாம், எது வரைக்கும் உங்க முடிவுன்னு மேனேஜர்கிட்ட இப்பவே பேசி வச்சுக்கோங்க. அவர் முடியவே முடியாதுன்னா, அவர்கிட்ட சொல்லிட்டே ஏரியா மேனேஜர் வர்ற அன்னிக்கு நோட்டைக் காட்டுங்க.