கடலில் நீந்தவும் மணலில் நடக்கவும் ஆசை: சர்க்கரை நோய் இருந்தால் முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 61. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளன. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, மெட்டோப்ரோலால் ஆகியவற்றுடன், டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்த மாத்திரை ஒன்றும் சாப்பிடுகிறேன். சில மாதங்களாகப் பாதங்கள் சற்று மரத்துப்போகின்றன. அடுத்த மாதம் மகன் குடும்பத்துடன் வெயில் மிகுந்த கடற்கரை ஊர் ஒன்றில் 10 நாட்கள் தங்கவிருக்கிறோம். கடலில் நீந்தவும், வெறுங்காலுடன் மணலில் நடக்கவும், பேரனுடன் சைக்கிள் ஓட்டவும் ஆசைப்படுகிறேன். அந்த நாட்களில் மாத்திரைகளை நிறுத்திவிட்டால் தொல்லை இருக்காது என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகச் சென்று வாருங்கள். நடையும் நீச்சலும் சைக்கிளும் உங்கள் நோய்க்கு மருந்தைப் போலவே நன்மை செய்பவை. அவற்றைத் தடுக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் வெப்பமும், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளும், உணர்வு குறைந்த பாதங்களும் ஒரே இடத்தில் சேரும்போது உண்டாகும் ஆபத்தை நீங்களும் உங்கள் மகனும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

நண்பரின் யோசனையை முதலில் கைவிடுங்கள். இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் அடக்கிவைக்கும் மெட்டோப்ரோலாலைத் திடீரென நிறுத்தினால் இரண்டும் எகிறலாம்; இதயத் தமனிகளில் அடைப்பு உள்ளவர்களுக்கு மாரடைப்பே வரக்கூடும். நிறுத்துவது தவறு என்றாலும், அளவை மறுபரிசீலனை செய்வது அவசியம். வழக்கத்தைவிட அதிகமாக உடல் உழைக்கப்போகும் நாட்களில் கிளிமிபிரைடின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். பயணத்துக்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பே உங்கள் மருத்துவரைச் சந்தித்து, இதயப் பரிசோதனையையும் சிறுநீரகப் பரிசோதனையையும் முடித்துக்கொண்டு, அளவை அவரே முடிவு செய்யட்டும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. உடற்பயிற்சியும் சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை வேகமாக இறங்கும். அப்போது நமக்கு எச்சரிக்கையாக வருவன படபடப்பு, கை நடுக்கம், வியர்வை ஆகியவை. முதலிரண்டையும் மெட்டோப்ரோலால் மறைத்துவிடும். எஞ்சியிருக்கும் வியர்வையோ கடல்நீரில் இருக்கும்போது தெரியவே தெரியாது. ஆகவே தரையில் உங்களைக் காப்பாற்றும் மூன்று அறிகுறிகளும் தண்ணீருக்குள் இல்லாமல் போகின்றன. நீரில் இறங்குமுன் விரல்நுனி இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். அளவு 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் ஏதேனும் மாவுச்சத்து உணவைச் சாப்பிட்டு, அளவு உயர்ந்ததை உறுதி செய்தபின் இறங்குங்கள். 70-க்குக் கீழே போய்விட்டால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அன்றைய நீச்சல் அத்துடன் போதும். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். உயிர்காக்கும் காவலர்கள் நிற்கும் பகுதியில், தரை எட்டும் ஆழத்தில், கரைக்கு இணையாக நீந்துங்கள். கடுமையாக உழைத்த நாளின் இரவிலும் சர்க்கரை இறங்கக்கூடும் என்பதால் படுக்குமுன் ஒருமுறை சோதிப்பது நல்லது.

வெறுங்கால் நடையை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்களுக்கு அது பெரிய ஏமாற்றமாக இருக்கும் என்பதை அறிவேன். நண்பகல் மணலின் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். உணர்வுள்ள கால் துள்ளி விலகிவிடும், மரத்த காலோ கொப்புளம் எழும்வரை அங்கேயே நிற்கும். கிளிஞ்சல் கீறிய சிறு வெட்டும் அப்படியே தெரியாமல் போகும். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் சில பாக்டீரியாக்கள், சர்க்கரை நோயாளியின் புண்ணில் புகுந்தால் சில மணி நேரத்திலேயே தசையை அழுகச் செய்யும் அளவுக்குக் கொடியவை. அதிகாலையிலும், ஈர மணலிலும், தண்ணீருக்குள்ளும்கூட, விரல்களை மூடிய, நன்கு பழகிய காலணி காலில் இருக்கட்டும். தினமும் மாலையில் நல்ல நீரில் கழுவித் துடைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். திறந்த புண் இருந்தால் கடலில் இறங்க வேண்டாம். கீறலைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ, மறுநாள்வரை காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சைக்கிளைப் பொறுத்தவரை நேரமே முக்கியம். வெப்பத்துக்கு உடல் பழக 7 முதல் 14 நாட்கள் ஆகும். வயது கூடியவர்களுக்கும் நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்கும் வியர்க்கும் திறன் குறைந்திருப்பதால் இன்னும் மெதுவாகவே பழகும். கடலோரக் காற்றின் ஈரப்பதம் வியர்வையை எளிதில் ஆவியாக விடாது என்பதும் சேர்ந்துகொள்கிறது. எனவே முதல் நான்கைந்து நாட்கள் காலை வேளையில் 20, 30 நிமிடங்களுக்கு மேல் ஓட்டாதீர்கள். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். மூச்சு வாங்காமல் பேரனுடன் பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகம் போதுமானது. நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் அங்கேயே நிறுத்தி உதவி கேளுங்கள்.

ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரைப் பெருக்கி நீரையும் உப்பையும் வெளியேற்றுவதால் நீர்ச்சத்து குறையும் அபாயம் உங்களுக்கு அதிகம். அதற்காக வெறும் நீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு, இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கால்வலிக்கென்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைச் சாப்பிடவே வேண்டாம். டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்த உங்கள் மாத்திரையுடன் சேர்ந்தால், நீர்ச்சத்து குறைந்த நேரத்தில் அவை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், மெட்ஃபார்மினையும் அந்தக் கலப்பு மாத்திரையையும் தொடர்வதா என்று மருத்துவரிடம் அன்றே கேளுங்கள். அதே ஹைட்ரோகுளோரோதயசைடு தோலை வெயிலுக்கு எளிதில் புண்படச் செய்வதால், முழுக்கை உடையும் அகன்ற விளிம்புத் தொப்பியும், எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில் தடுப்புக் களிம்பும் தேவை. களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நீந்தி எழுந்தபின்னும் மீண்டும் பூசுங்கள். காலை 10 முதல் மாலை 4 வரை நிழலே நல்லது.

உங்கள் மகன் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வெயிலில் நீங்கள் குழறிப் பேசினாலோ, தடுமாறினாலோ, முதலில் சர்க்கரையைச் சோதித்து, குறைந்திருந்தால் குளுக்கோஸ் தரட்டும். விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரை சரியாக இருந்து உடல் தீயாகக் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. ஆம்புலன்சை அழைத்துவிட்டு, அது வரும்வரை குளிர்ந்த நீரை உடலெங்கும் ஊற்றி விசிற வேண்டும். பாராசிட்டமால் அந்தக் காய்ச்சலைத் தணிக்காது.

மாத்திரைகளையும் சர்க்கரை சோதிக்கும் பட்டைகளையும் வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிடாதீர்கள். வெப்பத்தில் பட்டை கெட்டால் அது காட்டும் அளவை நம்ப முடியாது.