டிங்கரிங் பட்டறையிலேயே கிடக்கும் பையன்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. பிளஸ் டூ முடித்த பையன் லீவு முழுக்க, கார்த் தகட்டின் நசுங்கலைத் தட்டிச் சரிசெய்யும் டிங்கரிங் பட்டறையிலேயே கிடக்கிறான். உங்கள் அண்ணன், கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு பேச்சே வேண்டாம் என்கிறார். மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்காக வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்காதீர்கள். கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறிய, அந்தப் படிப்பில் துளியும் ஆசையில்லாத பையனைக் கடன் வாங்கி நாலு வருஷம் உட்கார வைத்தால், அரியரும் வட்டியும் சேர்ந்துதான் ஏறும். உங்கள் அண்ணன் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் மாதத் தவணை கட்டப்போவது நீங்கள்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங், கலை அறிவியல் கல்லூரி எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வழிகள்தான், விட்டுவிடுகிறேன். நீங்கள் புகாராக எழுதிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றின் பானட் (இன்ஜின் மூடி) மூடவில்லை என்று நாள் கணக்கில் அதையே நோண்டிக்கொண்டிருந்தான் என்கிறீர்களே, அது வெட்டிவேலை இல்லை.

1961 முதல் சென்னையில் தயாரான கார் அது. அதில் பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டு; முழு முகப்பும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். கதவுகளுக்குச் சற்று முன்னால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கிகள் அதைப் பிடித்திருக்கும். கொக்கி மாட்டவில்லை என்றால் அவசரக்காரர் கொக்கியைத்தான் வளைப்பார், இல்லை பானட்டை ஓங்கி அறைவார். விவரம் தெரிந்தவர் கொக்கியைக் கடைசியில்தான் தொடுவார். ஹெரால்டுக்கு சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனி. நடுவில் அணைவாக வைத்த பேக்கிங் துண்டுகள் நசுங்கியோ மாறியோ போயிருந்தால் கதவு கேப்பே, அதாவது கதவோர இடைவெளியே, கோணலாகிவிடும். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அப்புறம் முன்னால் உள்ள கீல் போல்ட்டுகள் இருக்கும் இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு, கழற்றாமல் லேசாகத் தளர்த்தி, ஒருவர் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் முன்னும் பின்னும், மேலும் கீழும் நகர்த்திப் பார்க்க வேண்டும். கதவோரக் கேப் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம், இடது வலது இரண்டும் ஒன்றுபோல். அதன்பின் பானட் உட்காரும் ரப்பர்களின் உயரம். இதெல்லாம் அமைந்த பிறகு கொக்கியை வைத்தால் ஒரு விரலில் மாட்டும். உங்கள் பையன் இதைத்தான் செய்துகொண்டிருந்திருப்பான். கோளாறு எங்கே தெரிகிறதோ அங்கே கை வைக்காமல், எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகும் பொறுமை எல்லோருக்கும் வாய்க்காது.

இந்தக் கைக்கு வேலை இருக்கிறதா? 50 வருஷத்துக்கு மேற்பட்ட, அசல் வடிவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் வாகனமாகத் தனியே பதிவு செய்ய மத்திய அரசு 2021-ல் விதி கொண்டுவந்தது. நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். கண்டபடி வெட்டி ஒட்டினால் அந்த அசல் வடிவம் போய்விடும், அதனால் உள்ள தகட்டையே பழைய நிலைக்குக் கொண்டுவரத் தெரிந்த ஆள் வேண்டும். பழைய கார் மட்டுமே சோறு போடும் என்று நான் சொல்ல மாட்டேன், அது சின்னச் சந்தை. ஆனால் கேப் பார்க்கத் தெரிந்த கண் விபத்தில் அடிபட்ட புதுக் காருக்கும் வேண்டும்.

ஐ.டி.ஐ-யில் ‘மெக்கானிக் ஆட்டோ பாடி ரிப்பேர்’ என்று ஒரு வருஷப் படிப்பு உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அரசு ஐ.டி.ஐ-யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு. எல்லா ஐ.டி.ஐ-யிலும் இந்தப் பிரிவு கிடையாது, சேர்க்கைப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் ‘ஷீட் மெட்டல் ஒர்க்கர்’ எடுக்கலாம், தகட்டு வேலையின் அடிப்படை அதிலேயே வந்துவிடும். முடித்ததும் அப்ரெண்டிஸாக (தொழில் பழகுநராக) சேர்ந்து உதவித்தொகையோடு கற்கலாம். ஒருவேளை மனம் மாறினாலும் கதவு அடைபடாது: பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் எடுத்திருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேர முடியும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘கூடவே இரு, கத்துக்கோ’ என்று வருஷக்கணக்கில் சம்பளமில்லாமல் வைத்துக்கொள்ளும் பட்டறைக்கு அனுப்ப வேண்டாம். சான்றிதழ் இல்லாத அனுபவத்தைப் பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்ட முடியாது. அடுத்தது மாஸ்க். பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியைத் தேய்க்கும்போது வரும் தூசியும் பெயின்ட் புகையும் நுரையீரலைக் கெடுக்கும். கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்பிரே அடிக்கச் சொல்லும் இடம் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்.

முதல் சில வருஷம் வருமானம் குறைவாகத்தான் இருக்கும். அதை அவனிடமே சொல்லி, சம்மதமா என்று கேளுங்கள். சம்மதம் என்றால் விண்ணப்பத்தை அவனே நிரப்பட்டும். அண்ணனிடம் நீங்களே பேசுங்கள், அந்தப் பாரத்தைப் பையன் தலையில் ஏற்றாதீர்கள்.