இளம் அமெரிக்கக் குடியரசின் நினைவுநாள் உரைகள்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 அன்று ஊர் கூடிச் சொற்பொழிவு கேட்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

பதில்: பாஸ்டனில் அது ஒரு துக்க நாளிலிருந்து வந்தது. 1770 மார்ச் 5 அன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐவர் உயிரிழந்தனர். அவர்களை நினைவுகூர 1771 முதல் ஆண்டுதோறும் ஒருவரை அந்நகரம் பேச அழைத்தது. 1775இல், பிரிட்டிஷ் அதிகாரிகளும் வந்திருந்த கூட்டத்தில் அந்த உரையை ஆற்றிய மருத்துவர் ஜோசப் வாரன், அடுத்த சில மாதங்களிலேயே பிரிட்டிஷ் படைக்கு எதிரான பங்கர் ஹில் போரில் மாண்டார். 1783இல் அந்த நினைவுநாளுக்குப் பதிலாகச் சுதந்திர நாளைக் கொண்டாடுவதென நகரம் முடிவு செய்தபோது, முதல் ஜூலை 4 உரையை ஆற்றியவர் அவருடைய தம்பி ஜான் வாரன். பிற்கால உரைகளில் வெற்றிப் பெருமிதத்தோடு மாண்டவர்களுக்குப் பட்ட கடனும் சேர்ந்தே ஒலிப்பதற்கு இந்தப் பிறப்பே காரணம் என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: வர்ஜீனியாவின் விடுதலைப் போராட்டத் தலைவர் பாட்ரிக் ஹென்றியின் "சுதந்திரம் கொடு, இல்லையேல் மரணம் கொடு" என்ற உரை அப்படியே அவர் பேசியதுதானா?

பதில்: 1775 மார்ச் 23 அன்று ரிச்மண்டில் அவர் பேசினார், ஆனால் அவர் கைப்பட எழுதிய படி எதுவும் கிடைக்கவில்லை. நாம் படிப்பது, வில்லியம் வர்ட் 1817இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில், கேட்டவர்களின் நினைவிலிருந்து தொகுத்துத் தந்த வடிவம்.

கேள்வி: ஒரே ஓர் உரையைப் படிக்க வேண்டுமானால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: பங்கர் ஹில் நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டிய 1825 ஜூன் 17 அன்று அரசியல்வாதி டேனியல் வெப்ஸ்டர் ஆற்றிய உரை. அரை நூற்றாண்டுக்கு முன் அதே குன்றில் போரிட்டு உயிர் பிழைத்த முதியவர்களை நோக்கி அவர் நேரடியாகப் பேசுகிறார். பிறகு, அங்கே இல்லாத ஜோசப் வாரனையும் விளிக்கிறார். விடுதலைப் போரில் அமெரிக்கர் பக்கம் நின்று போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட்டும் அன்று அங்கிருந்தார். அந்தப் பகுதியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: இந்த மேடைகளில் கறுப்பின மக்களுக்கு இடம் இருந்ததா?

பதில்: அவர்கள் தங்களுக்கென வேறு நாள்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அடிமை இறக்குமதித் தடை நடைமுறைக்கு வந்த 1808 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் ஆப்பிரிக்கத் தேவாலயத்தில் பீட்டர் வில்லியம்ஸ் உரையாற்றினார். 1827 ஜூலை 4 அன்று நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை முடிவுக்கு வந்தபோது, பலர் மறுநாளான ஜூலை 5இல் ஊர்வலம் சென்றார்கள். 1852இல், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து அதை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் ராச்செஸ்டரில் பேசியதும் ஜூலை 5 அன்றுதான்: குடியரசை நிறுவியவர்களின் துணிவை மனமாரப் புகழ்ந்த பிறகு, இந்த ஜூலை 4 உங்களுடையது, என்னுடையதன்று என்று தன் முன் அமர்ந்திருந்தவர்களிடமே அவர் கூறினார்.