பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்? விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

நேர்வழியில் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். எங்கும் நிற்காத விமானம் என்றால் 16, 17 மணி நேரம்; காற்றைப் பொறுத்துக் கூடும், குறையும். டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களைக் கழித்துப் பார்க்காதீர்கள். கலிபோர்னியா நமக்குக் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. ஜனவரியில் பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி 17 மணி நேரம் பறந்தாலும், அங்கே அதே நாள் மாலை ஐந்தரை மணிதான் ஆகியிருக்கும்.

பெற்றோரை அனுப்பத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அம்மாவுக்காகத்தான் இதையெல்லாம் கணக்குப் போட்டேன். துபாய் வழியாக என்றால் முதலில் நான்கு மணி நேரம், பிறகு பதினாறு மணி நேரம். தூரமும் 15,700 கிலோமீட்டரை ஒட்டி வரும். நடுவே காத்திருப்பது தனி. கட்டணம் குறைவு என்று அண்ணன் அதைத்தான் எடுக்கச் சொன்னார். மூட்டுவலிக்காரர், தமிழ் தவிர வேறு மொழி தெரியாதவர், நள்ளிரவில் முன்பின் தெரியாத விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்கான கேட் எண்ணைத் தேடி அலைய வேண்டுமா? கூடுதல் பணம் கொடுத்து நேர் விமானத்திலேயே அழைத்தேன். வசதி இருப்பதால் பேசுகிறாள் என்பார்கள். சொல்லட்டும். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சையின்போது ஒரு வேளைகூட வந்து நிற்காதவர்கள், என் டிக்கெட் செலவை மட்டும் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பறக்கும் நேரத்தை மட்டும் பயண நேரமாக எண்ணாதீர்கள். எங்கள் ஊர் சேலம். தேவனஹள்ளி விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே இருக்கிறது. ஓசூர் வழியாக வருபவர்கள் நகர நெரிசலையும் தாண்டியாக வேண்டும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும். இறங்கிய பிறகு குடிநுழைவு (இமிக்ரேஷன்) வரிசை வேறு. வாசலுக்கு வாசல் பார்த்தால் ஒரு முழு நாளைத் தாண்டிவிடும்.

அம்மா வெளியே வந்தபோது பாதம் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. பின்பட்டையை மிதித்தபடி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நேர் விமானத்திலேயே இந்தப் பாடு. அவ்வப்போது எழுந்து நடக்கும்படி சொல்லி அனுப்பியிருந்தேன்; பக்கத்து இருக்கையில் இருந்தவரை எழுப்பக் கூச்சப்பட்டு அப்படியே இருந்துவிட்டாராம்.

ஆகவே நடைபாதை ஓர இருக்கையையே கேட்டு வாங்குங்கள். சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே பதிவு செய்யுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் மாத்திரையை எந்த நேரக் கணக்கில் போடுவது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு, தமிழில் எழுதிக் கைப்பையில் வைத்துவிடுங்கள்.