இரவில் வாஷிங் மெஷின் ஓட்டினால் தில்லியில் மின்கட்டணம் குறையுமா?

கரோல் பாக், மயூர் விகார் என்று நம்மவர்கள் எங்கிருந்தாலும் கேட்பது இது. ஒற்றை ஃபேஸ் இணைப்பில் குறையாது. நடுநிசியோ நண்பகலோ ஒரே விலைதான். மூன்று ஃபேஸ் வைத்திருப்பவர்கள் விரும்பினால் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறலாம். ஆனால், மே முதல் செப்டம்பர் வரை இரவு 10 முதல் 1 மணி வரை 20 சதவீதம் கூடுதல்! ஊரே ஏசி போடும் நேரமாயிற்றே. தள்ளுபடி அதிகாலை 4 முதல் காலை 10 வரைதான். அதுவும் 20 சதவீதம். துணியை அப்போது போடுங்கள்.

என்னைக் கேட்டால், கடிகாரத்தைவிட மீட்டரைப் பார்ப்பதே லாபம். மானியத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கு மாதம் 200 யூனிட் வரை கட்டணமே இல்லை. 400 வரை பாதி மானியம், அதிகபட்சம் 800 ரூபாய். 400 யூனிட்டைத் தாண்டினால் மொத்த மானியமும் போயிற்று. 2 கிலோவாட் கீசர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டை விழுங்கும்.